முழங்கால் என்னுடையது, பேச்சு அவர்களுடையது

நேற்று இரத்தினபுரி கிளினிக்கில் இரண்டு பேர் என் முழங்காலுக்காகச் சண்டை போட்டார்கள்!

முழங்காலுக்குச் சொந்தக்காரியான நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். என்னை இருவருமே கேட்கவில்லை.

தெரியாதவர்களுக்கு: ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

பல மாதமாகவே முழங்கால் வலி. போன வாரம் சோறு ஊட்டத் தரையில் உட்கார்ந்தேன்.

எழும்ப முடியவில்லை!

உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து கதவு நிலையைப் பிடிக்கப் போனேன். பிள்ளைகள் புது விளையாட்டு என்று நினைத்து வரிசையாக என் பின்னாலேயே நகர்ந்து வந்தார்கள். (ரயில் ஓட்டினோம். எஞ்சின் அழுதது.)

இப்போது சிரிக்கிறேன். அன்று உண்மையிலேயே பயந்துவிட்டேன். பிள்ளைகளைத் தூக்க முடியாத ஆயாவை எத்தனை நாள் வேலையில் வைத்திருப்பார்கள்?

அதனால்தான் கிளினிக். துணைக்கு என் வீட்டுக்காரரும், குருவிட்டையிலிருந்து வந்த நாத்தனாரும்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டுத் தேய்மானம் என்றார்.

"ஒப்பரேஷன் செஞ்சிருங்க டொக்டர் மிஸ். ஒரேயடியா முடிஞ்சிரும்," என்றார் வீட்டுக்காரர்.

நாத்தனார் பாய்ந்தார். "ஒப்பரேஷனா? பைத்தியமாண்ணே உனக்கு? ஊசி ஒண்ணு போட்டா போதும். எங்க பக்கத்து வீட்டம்மா ஊசி போட்டுட்டு ஓடுறாங்க!"

"எங்க ஓடுறாங்க?"

"அது எனக்கு எப்படி தெரியும்?"

டொக்டர் கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார். என்னைப் பார்த்து, "அம்மாட்ட மொனவத கரன்ன ஓனே?" என்றார். அதாவது, உங்களுக்கு என்ன செய்ய விருப்பம், அம்மா?

இத்தனை மாதத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளைகளோடு இருக்க வேண்டும், வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று சிங்களத்தில் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஒப்பரேஷன் இப்போதைக்கு வேண்டாம். மற்றதெல்லாம் செய்தும் நடக்கவோ தூங்கவோ முடியாமல் போனால் யோசிக்கலாம். ஊசி கொஞ்ச நாள் வலியை அடக்கலாம், தேய்ந்ததைத் திருப்பித் தராது. முதலில் தொடைக்குப் பயிற்சி. உடம்பு கொஞ்சம் குறைய வேண்டும். (அதைச் சொல்லும்போது எல்லோரும் என்னையே பார்த்தார்கள்!) தரையில் உட்காரவே கூடாது.

"அப்ப பயிற்சிய செஞ்சு பாக்குறேன் மிஸ். ஊசிய பத்தி பிறகு பேசுவோம்," என்றேன். என் முழங்காலைப் பற்றி நான் எடுத்த முதல் முடிவு!

பயிற்சி சுலபம்தான். நாற்காலியில் இருந்தபடி காலை நேராக நீட்டிப் பிடிக்க வேண்டும்.

"இவ்ளோதானா?" என்று வீட்டுக்காரர் தன் காலை நீட்டிக் காட்டினார்.

கடக்!

அறை முழுக்கக் கேட்டது. டொக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்களும் ஒரு நம்பர் எடுத்துட்டு வாங்க ஐயா."

இன்று காலை நேராக, பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பான வெல்பெயார் ஐயாவிடம் போனேன்.

"இனிமே தரையில உக்கார முடியாதுங்க ஐயா. ஒரு நாற்காலி வேணும். ஆனா வேலைய விடமாட்டேன்."

"வேலைய விட சொல்லி யாரு சொன்னா? நீங்க இல்லாட்டி அந்தக் கூட்டத்த நானா மேய்க்கிறது? ஒப்பிஸ்ல ஒரு நாற்காலி சும்மாதான் கெடக்கு, கொண்டு போங்க."

பாதி வழியில் அந்த நாற்காலியையே போட்டு உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

பிள்ளைக்காம்பராவில் அதை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துத் திரும்பினால் அதில் ஏற்கெனவே மூன்று பேர்!

இறங்கச் சொன்னால், "எங்களுக்கும் கால் வலிக்குது ஆயாம்மா," என்கிறார்கள்.

நின்றுகொண்டேதான் இதை எழுதுகிறேன். இவர்களை இறக்க வழி தெரிந்தவர்கள் சீக்கிரம் கமெண்டுக்கு வாருங்கள்!