பெட்ரோல் வாடை

அந்த வருடம்தான் மாடம்பாக்கத்துக்கு வீடு மாறியிருந்தோம். கைமாறி வந்த கார் ஒன்றும் வாங்கியிருந்தோம். மழைக்காலம் முடிந்த கையோடு, ஸ்டியரிங்குக்கு எதிரே இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. வண்டி ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மகளோடு பின் சீட்டில் உட்கார்ந்தால் எனக்குப் பெட்ரோல் வாடை அடித்தது.

"ஏங்க, எங்கேயோ ஒழுகுதுங்க."

"ஒண்ணும் அடிக்கலையே," என்றார் என் கணவர். "உனக்குத்தான் எப்பவும் ஏதாவது வாடை வரும்."

அந்தச் சமயம் எங்களுக்குள் எதைப் பேசினாலும் சண்டையில்தான் முடிந்தது. சாம்பாரில் பெருங்காயம் போட்டாயா, ரசம் ஏன் வெந்நீர் மாதிரி இருக்கு என்று தினமும் தட்டைத் தள்ளுவார். என் கைப்பக்குவம்தான் போய்விட்டது என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். வாடை விஷயத்திலும் வாயை மூடிக்கொண்டேன். மகள்தான், காரில் ஏறினாலே தலை வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தாள்.

கேம்ப் ரோடு பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். கையடக்க மெஷின் ஒன்றைக் காரில் சொருகிப் பார்த்தார்.

"டேங்குல பெட்ரோல் ஆவியாகும்ல சார், அந்த அழுத்தத்த பாக்க ஒரு சென்சார் கீது. அதுலதான் கோளாறு காட்டுது. மாத்திடலாம்."

மாற்றினார். விளக்கு அணைந்தது. அடுத்த வாரமே திரும்ப எரிந்தது. கணவர் கோபத்தோடு வண்டியைத் திருப்பினார். நானும் கூடப் போனேன்.

இந்த முறை மெக்கானிக் நிதானமாகப் பார்த்தார். வயர், டேங்க் மூடி எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகு காரைத் தூக்கி நிறுத்தி, ஆவி போகும் குழாய்க்குள் புகையைச் செலுத்தினார். கொஞ்ச நேரத்தில் பின் சக்கரத்துக்கு மேலிருந்து நூல் போலப் புகை கசிந்தது. ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது.

"சென்சார் மேல தப்பே இல்ல சார். நான்தான் அவசரப்பட்டு மாத்திட்டேன்." கடிபட்ட குழாயைக் கழற்றி நீட்டினார். "இன்னா சார், இந்த நாத்தம் நாறுது, எப்படி உள்ள உக்காந்துகினு போனீங்க?"

எட்ட நின்ற எனக்கே குமட்டியது. கணவர் குழாயை வாங்கி மூக்கருகே வைத்து மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு எதுவுமே தெரியலடி."

இன்னும் வீம்பு பிடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். குழாயை மூன்றாம் முறையும் மூக்கோடு வைத்து அவர் அழுத்தியபோதுதான் அது வீம்பில்லை என்று புரிந்தது. பள்ளிக்கரணைக் குப்பைமேட்டுப் புகையில் ஊரே கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளும்போது, அவர் பக்கத்து ஜன்னல் மட்டும் திறந்தே கிடக்கும். அதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

தாம்பரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர் அவர் கண்ணைக் கட்டிவிட்டு காபித்தூள், கிராம்பு, கற்பூரம் என்று ஒவ்வொன்றாக நீட்டினார். ஒன்றையும் அவரால் சொல்ல முடியவில்லை. முந்தைய வருடம் மேடவாக்கத்தில் பைக் சறுக்கி விழுந்ததில் பின்மண்டையில் அடிபட்டிருந்தது. அன்று ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வாசனை நரம்பு அதில்தான் அறுந்திருக்கும், திரும்புவது சந்தேகம் என்றார் டாக்டர்.

"இவ்வளவு நாளா உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"வீட்டுச் சாப்பாடுதான் சரியில்லன்னு நினைச்சேன் டாக்டர்," என்றார், என் பக்கம் திரும்பாமல்.

புதுக் குழாய் போட்டபின் கார் தொந்தரவு கொடுக்கவில்லை. சாப்பாட்டைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். நானும் மகளும் ஊருக்குப் போனால், கேஸ் கசிந்தாலும் தெரியாதே என்று சிலிண்டரை மூடிவிட்டு ஓட்டலில் சாப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைத் தலைகுளிக்க வைத்து அவரிடம் அனுப்பினேன். அவளை மடியில் இழுத்து, ஈரத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"சீயக்காயா, ஷாம்புவாம்மா?" என்று கேட்டார்.

"சீயக்காப்பா."

தலையாட்டினார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.