அஞ்சலி போர்டில் பதினொரு பேர் சிரித்தோம்

நேற்று பரவை மார்க்கெட்டில் திடீர் மழை. தக்காளிப் பெட்டிகளுக்கு மேலே இழுத்துக் கட்டியிருந்த பழைய ஃப்ளெக்ஸ் பேனருக்கு அடியில் ஒதுங்கினேன். அண்ணாந்து பார்த்தால், நேர் மேலே, அதில் அச்சடித்திருந்த மூஞ்சியில் என் பல். சந்தேகமே இல்லை, முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்குமே, அது ஊரில் எனக்கு மட்டும்தான்.

நனைந்த ஃப்ளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு. புதுச் செருப்பை மண்ணெண்ணெயில் முக்கிய மாதிரி. அந்த வாடையில்தான் சில வருஷம் சோறு தின்றேன். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்டது. நான் அதை ஆறாவதிலேயே கைவிட்டிருந்தேன். பிறகு திண்டுக்கல் ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர்.

ஊரெல்லாம் ஹீரோக்களுக்கு ரசிகர் மன்றம் வைத்தபோது, நாங்கள் ஒரு காமெடி நடிகருக்கு வைத்தோம். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். தலைவர் என் கூட்டாளி செல்வம். மன்றத்துக்கு ஒரே சட்டம்தான்: போர்டில் யாரும் கூலிங்கிளாஸ் போட்டு முறைக்கக் கூடாது, பல் தெரியச் சிரிக்க வேண்டும். அதற்கு நான்தான் மருந்து. எனக்கு அந்த நடிகர் குரல் அப்படியே வரும். ஒவ்வொருவனையும் சுவரோரம் நிறுத்தி, அந்தக் குரலில் நக்கல் அடிப்பேன். வாயைப் பிளந்ததும் கிளிக். வாடிப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மீசையை மேடையிலேயே கிண்டலடித்துவிட்டு அடிபடாமல் வந்ததும் அந்தக் குரலால்தான். என் சொந்தக் குரலில் சொல்லியிருந்தால் பந்தியிலேயே சாத்தியிருப்பார்கள்.

அந்த நடிகர் இறந்த அன்று காலையில் செல்வம் கடைக்கு வந்தான். கண் வீங்கியிருந்தது.

"மாப்ள, அண்ணன் போயிட்டாருடா. போர்டு போடு."

போட்டேன். கை பாட்டுக்கு வேலை பார்த்தது. கம்ப்யூட்டரில் அவருடைய பிறந்தநாள் போர்டைத் திறந்து, வாழ்த்தை அழித்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்து, ஒரு மாலையை வைத்தேன். எழுத்துப் பிழைகூடப் பார்த்தேன். நெஞ்சுக்குள் ஒன்றுமே இல்லை, கரண்ட் போன கடை மாதிரி.

மத்தியானம் பஸ் ஸ்டாப்பில் கட்டி முடித்தோம். எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏண்டா, செத்தது ஒங்க ஆளா, எதிராளியா? பதினோரு பேரும் இம்புட்டு இளிக்கிறீங்க!"

அப்போதுதான் பார்த்தோம். எழுத்தை மாற்றியவன் மூஞ்சியை மாற்றவில்லை. மேலே அவர் சிரிக்கிறார், கீழே வரிசையாக நாங்கள். எல்லாரையும்விட அகலமாக நான்.

அவிழ்த்துவிட்டு வேறு போர்டு அடிக்கலாம் என்று எல்லாரையும் கடைக்குக் கூட்டிப்போய்ச் சுவரோரம் நிறுத்தினான் செல்வம். "சோகமா நில்லுங்கடா" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பத்துப் பேரும் தானாக அழுதார்கள். என் முறை வந்தது. செல்வம் செல்போனைத் தூக்கினான், இறக்கினான்.

"ஒனக்கு அழுகையே வரலையாடா? அம்புட்டுத்தானா?"

காலையிலிருந்து நானும் அதைத்தான் பயந்து பயந்து எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் குரலை வைத்துப் பந்தி பந்தியாகத் தின்றவன் நான். அம்புட்டுத்தானா?

"சரி விடு. ஒரே ஒரு தடவ அவரு மாதிரி பேசு. கேக்கணும்போல இருக்கு."

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றேன்.

"வரல மாப்ள." அது என் குரல்.

செல்வம் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"போர்ட அவுக்க வேணாம்டா. அந்தச் சிரிப்பெல்லாம் நீ அவரு கொரல்ல பேசுனப்ப வந்தது. அதாச்சும் இருக்கட்டும்."

பதினாறாம் நாள்வரை அது அங்கேயே சிரித்துக்கொண்டு நின்றது. போகிற வருகிறவர்கள் திட்டினார்கள். திட்டட்டும் என்று விட்டோம். பிறகு யார் அவிழ்த்தது, யார் கொண்டுபோனது, தெரியாது. மன்றமும் கலைந்தது. செல்வம் திருப்பூர் போய்விட்டான். போனில் பேசினால் இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள் மாதிரி மழை பெய்ததா, சாப்பிட்டாயா என்று விசாரித்துக்கொள்கிறோம்.

வெயிலில் ஃப்ளெக்ஸ் கிடந்தால் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலம்தான் கடைசிவரை நிற்கும். நேற்று என் தலைக்கு மேல் பதினொரு நீல மூஞ்சிகள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வாயைத் திறந்து அவர் குரலுக்கு ஒரு தடவை முயன்றேன்.

"என்னப்பா, தொண்டையில ஏதும் சிக்கிருச்சா?" என்றார் தக்காளிக்காரர்.

"ஒண்ணுமில்லண்ணே. இதோட மேல்பாதி எங்கண்ணே?"

"வாங்கும்போதே இம்புட்டுத்தான்ப்பா இருந்துச்சு."

பெட்டிக்கு அளவாக யாரோ நறுக்கியிருக்கிறார்கள். நாங்கள் பதினொரு பேரும் இருக்கிறோம். யாரால் சிரித்தோமோ, அவர் அந்தத் துண்டில் இல்லை.