மருதம்பட்டைப் பொட்டலம்

ராணாகாட்டிலிருந்து கொல்கத்தாவின் சியால்தா நிலையத்துக்குப் போகும் ஏழேகால் மணி லோக்கல் ரயிலில் பதினெட்டு வருஷமாகச் சூரணம் விற்றவர் பொலாய் சாமந்தா. ஓமம், சீரகம், கடுக்காய், கருப்பு உப்பு, காய்ந்த மாங்காய் எல்லாம் அவரே இடித்துச் சலித்தது. அரக்கப்பரக்க மீன்குழம்பும் சோறும் விழுங்கிவிட்டு வண்டி பிடிக்கும் எங்களுக்கு, அவர் உள்ளங்கையில் தட்டும் சிட்டிகையில்தான் வயிறு அடங்கும்.

போன மழைக்காலத்தில் துலால் பைராகி என்று ஒருவன் அதே பெட்டியில் ஏறினான். மருதம்பட்டை சேர்த்த தூள், இதயத்துக்கு நல்லது என்றான். விற்கும் முன் ஒவ்வொருவரிடமும் நின்று, "ராத்திரி தூக்கம் வருதா? படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று விசாரிப்பான். ஒரே மாதத்தில் பாதிப் பெட்டி அவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

பொலாய்க்கு வயிறு எரிந்தது. "அறுப்பு மில்லுக்குப் போனா இந்த மரத்தூளைச் சும்மாவே அள்ளிட்டு வரலாமே" என்று எங்களைக் குத்துவார்.

துலால் சிரிப்பான். "அண்ணன் சூரணத்தைப் போட்டுட்டு என்னுதையும் போடுங்க. ரெண்டும் சண்டை போடாது."

துர்கா பூஜைக்காக வீட்டை ஒழித்தபோது, அரிசி டின்னுக்குப் பின்னால் நாலு பச்சைப் பொட்டலங்கள் பொலாயின் கையில் சிக்கின. துலாலுடையவை. அன்று நடந்ததைப் பின்னால் அவரே என்னிடம் சொன்னார்.

"யார் வாங்கினது?"

மனைவி ஷெபாலி மறைக்கவில்லை. "நான்தான். ரெண்டு மாசமா நெஞ்சு படபடங்குது."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. வெறும் கேஸ் ட்ரபிள்னு சொல்லி ஒரு ஸ்பூன் சூரணத்தைக் கொட்டுனீங்க. ஸ்டேஷன்ல பார்த்தப்போ அவன் பக்கத்துல உக்காந்து கேட்டான். எப்போ வருது, எவ்ளோ நேரம் இருக்குன்னு. தூளை நம்பி இருக்காதீங்கக்கா, டாக்டரைப் பாருங்கன்னான்."

பொட்டலங்களைக் குளத்தில் வீசினார் பொலாய். ஆனால் மறுநாள் விற்கப் போகாமல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இதயத் துடிப்பில் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் படபடப்பு அடங்கியது. ஷெபாலி மட்டும் தெருவெல்லாம், "துலால் தம்பி சொன்னதால பொழச்சேன்" என்று சொல்லித் திரிந்தாள்.

"அவனுக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். அக்கா பொழச்சதே போதும்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்லவனா வேற இருந்து தொலைக்கிறான்."

அடுத்த வாரமே அவர் எட்டு மணி வண்டிக்கு மாறிவிட்டார்.