ஸ்லைடர் போடலாமா என்று அனு கேட்டாள்

அணுபுரம் குடியிருப்பில் பரணிதரனிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அன்றைக்கே பதில் வாங்கியவர் யாரும் கிடையாது. பக்கத்து வீட்டு ஞானதாஸ் ஒருநாள் ஏணியை இரவல் கேட்டு வந்தார். ஏணிக் காலில் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, எந்தச் சுவரில் சாய்ப்பார், கீழே பிடித்துக்கொள்ள ஆள் உண்டா என்று அரை மணி நேரம் விசாரணை நடந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றார் பரணிதரன். ஞானதாஸ் வீட்டுக்குப் போய் நாற்காலிமேல் நாற்காலி போட்டு ஏறி ஒட்டடை அடித்து முடித்துவிட்டார்.

முப்பத்தொரு வருஷமாக அவருக்கு அணு நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. அங்கே ஒரு பம்ப்பில் கை வைக்க வேண்டுமென்றால் முதலில் அதன் சுவிட்சில் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும். ‘இயக்காதே’ என்று எழுதி, கீழே மாட்டியவர் பெயர், தேதி, கையெழுத்து. யார் மாட்டினாரோ அவர்தான் கழற்றலாம். பெரிய அதிகாரியே வந்து நின்றாலும் வேறு கை அதைத் தொடக் கூடாது. பரணிதரன் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மிக்ஸி ஒயர் பிய்ந்திருந்தால் மிக்ஸிக்கு அட்டை. கேஸ் டியூப் பழசானால் அடுப்புக்கு அட்டை. மனைவி லோகநாயகி ஒருதடவை, "என் கழுத்துலயும் ஒண்ணு மாட்டி வுட்டுடுங்க, நானும் ரெஸ்ட் எடுத்துக்கறேன்" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

சிரிக்கத் தெரியாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். சொந்த ஊர் கருங்குழியில் வாலிபனாகத் திரிந்த காலத்தில் அவரும் தம்பி சீனுவும் சேர்ந்தால் தெருவே ரெண்டுபடும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம். சீனு வந்து, "அண்ணாத்த, வண்டிய எட்துகினு போவட்டா? மதுராந்தகம் வரிக்கும் போய்ட்டு வந்துர்றேன்" என்று கேட்டான். முன் டயர் வழுக்கையாகிவிட்டது பரணிதரனுக்குத் தெரியும். மாற்ற வேண்டும் என்று ரெண்டு வாரமாக நினைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "எட்துகினு போ" என்றார். ஜி.எஸ்.டி நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரி பிரேக் போட்டது, சீனுவும் போட்டான். சாயங்காலம் அவன் உடம்பைத்தான் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு வண்டியைத் தொடுவதை விட்டவர்தான். ‘சரி’ என்ற ஒரு சொல்லும் அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து லேசில் வந்ததில்லை.

ஒரே மகள் அனு. இருபத்தைந்து வயது, சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன ஆவணியில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பைக் வாங்கிவிட்டாள். ஸ்கூட்டர் இல்லை, கியர் வண்டி. நீல நிறம், குனிந்து ஓட்டுகிற ரகம். அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் லோகநாயகி எலுமிச்சம்பழம் தேடி உள்ளே ஓடினாள். பரணிதரன் வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அனுவுக்கு அப்பாவைத் தெரியும். ‘ஏன் வாங்கினாய்’ என்று கேட்க மாட்டார், ஒரு மாதம் பேசாமல் இருப்பார். அவரையும் எப்படியாவது இந்தச் சந்தோஷத்துக்குள் இழுத்துக்கொள்ள வேண்டுமே என்றுதான் அவள் கேட்டாள்.

"அப்பா, ஸ்லைடர் போடலாமா? ஷோரூம்ல போடுன்றாங்க, ஆபீஸ் பசங்க வேணாம்ன்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீதான சேஃப்டி ஆளு, நீயே சொல்லு."

ஸ்லைடர் ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் நீள போல்ட் போட்டு முறுக்குகிற கறுப்பு நைலான் கட்டை, மூடிய கையளவு இருக்கும். வண்டி சாய்ந்தால் அது முதலில் தரையில் ஊன்றிக்கொள்ளும். ஒரு சனிக்கிழமை அப்பாவும் அவளுமாகச் செங்கல்பட்டுக்குப் போய் மாட்டிக்கொண்டு, வருகிற வழியில் திருக்கழுக்குன்றத்தில் டீ குடித்துவிட்டு வரலாம் என்பதுதான் அவள் மனசில் இருந்தது.

பரணிதரனோ அதை ஆபீஸ் வேலையாக எடுத்துக்கொண்டார். "முடிவு பண்ற வரிக்கும் வண்டிய எடுக்காதம்மா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் சிவப்பு அட்டை ஒன்றை எழுதிக்கொண்டுவந்து ஹேண்டிலில் கட்டினார்.

அனு அதைப் பார்த்துச் சிரித்தாள். "எத்தினி நாள்பா?"

"பாத்துட்டு சொல்றேன்."

சம்பாதிக்கிற பெண், சொந்தக் காசில் வாங்கிய வண்டி. வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கிளம்பியிருப்பாள். இவள் அணுபுரத்தில், அணு நிலையத்துக்காரர்கள் நடுவே பிறந்து வளர்ந்தவள். இன்னொருவர் கையெழுத்துப் போட்ட அட்டையை அவிழ்ப்பது இவளுக்கு அடுத்தவர் தட்டில் கை வைப்பது மாதிரி. அப்பா முடிவு சொல்லட்டும் என்று பஸ்ஸில் போனாள்.

செங்கல்பட்டில் வண்டி உதிரிச் சாமான் கடை வைத்திருந்த அப்துல் சுபஹானை பரணிதரன் போய்ப் பார்த்தார். சுபஹான் இருபது வருஷமாக இதே வேலையில் இருப்பவர். வாயில் பொய் வராது. வியாபாரிக்கு அது ஒரு குறைதான்.

"சார், இது வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்ல" என்றார் அவர். "ஆளுக்கு ஹெல்மெட்டு, ஜாக்கெட்டு, ஷூவு. ஸ்டாண்டு வழுக்கி வுழுந்துச்சு, மணல்ல சறுக்குச்சுன்னா டேங்க்கு நசுங்காது, எஞ்சின் ஒடையாது. வண்டி அப்டியே கால் மேல படுக்காம கொஞ்சம் சந்து வுடும். அவ்ளோதான்."

"வேகமா போறப்ப வுழுந்தா?"

"வேகத்துல மீடியன் கல்லுல போயி மாட்டிகினா வண்டிய பொரட்டியும் வுட்டுரும். போல்ட்டு வளைஞ்சி ஃப்ரேமு போன வண்டியும் பாத்துகிறேன். நான் இன்னாத்துக்கு பொய் சொல்லணும்?"

"இதுக்கு டெஸ்ட் சர்டிபிகேட் எதுனா கீதா?"

சுபஹான் சிரித்துவிட்டார். "வுழுந்து எழுந்து வந்தான் பாருங்க, அவன்தான் சார் சர்டிபிகேட்."

அது பரணிதரனுக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு ஃபைல் போட்டார். இடது பக்கம் சாதகம், வலது பக்கம் பாதகம். வேகம் முப்பதுக்குக் கீழே என்றால் இது, அறுபதுக்கு மேலே என்றால் அது. கடற்கரைச் சாலையில் எங்கெங்கே மீடியன், எங்கெங்கே மணல் என்று ஒரு வரைபடம் வேறு. ஒரு வாரம் போடலாம் என்கிற பக்கம் சாய்வார், மறு வாரம் வேண்டாம் என்கிற பக்கம். சுபஹான் கடைக்கு நாலு தடவை நடந்தார். நாலாவது தடவை சுபஹானே, "இன்னா சார், மறுபடியும் வந்துகினு கீறீங்க? போட்டுட்டு வுடுங்க, இல்லாங்காட்டி வுட்டுட்டு ஓட்டச் சொல்லுங்க. இது இன்னா பேஜாரு?" என்று சலித்துக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டார்கள். லோகநாயகி அட்டைக்கும் சேர்த்து ஒரு பொட்டு வைத்தாள். அனு அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ஸ்லைடரே வேணாம்பா, சும்மாவே மெதுவா ஓட்டறேன்" என்றாள். முடிவு தெரியாமல் எப்படி ஓட்டுவது என்று கேட்டார் பரணிதரன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் உள்ளே போனதும் லோகநாயகி பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள்.

"அவ கேட்டது ஸ்லைடரா? நீங்க கூட வரணும்னு ஆசப்பட்டா. உங்க பயத்துக்கு அவ வண்டிதான் கெட்ச்சிதா?"

பரணிதரனுக்கு அது நியாயம் என்று பட்டது. ஆனால் அட்டையை அவிழ்க்கலாமென்று போய் நின்றபோதெல்லாம் கை வரவில்லை. அவிழ்த்தால் அது ‘எட்துகினு போ’ என்று சொன்ன மாதிரி. அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை.

அனு காலையில் பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரம் போய், அங்கே கம்பெனி பஸ்ஸுக்கு மாற வேண்டும். டவுன் பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் கம்பெனி பஸ் போய்விடும். ரெண்டு மூன்று தடவை விட்டுவிட்டாள். கூட வேலை பார்க்கும் சுஷ்மிதா, புதுப்பட்டினத்துப் பெண், "நான் ஸ்கூட்டர்ல மாமல்லபுரம் வரிக்கும் தான போறேன், பின்னாடி ஒக்காந்துக்கடி" என்றாள். தினமும் ஏழே காலுக்கு சுஷ்மிதாவின் ஸ்கூட்டர் வந்து, அட்டை தொங்கிய நீல வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்கும். பரணிதரன் பல் துலக்கிக்கொண்டே பார்ப்பார். "பாத்துப் போங்கம்மா" என்பார்.

இதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. உலகத்தில் இருக்கிற ஏணி, ஒயர், டியூப் எல்லாவற்றையும் சோதித்த மனுஷன், அந்த ஸ்கூட்டரைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்னால் உட்காரும் அனுவுக்கு ஹெல்மெட் இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அவர் ஃபைல் நீல வண்டியைப் பற்றியது. நீல வண்டி வாசலில் பத்திரமாக நின்றது. அதோடு அவர் மனசு திருப்தியாகிவிட்டது.

கார்த்திகை முதல் வாரம், ராத்திரி பூராவும் மழை. காலையில் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரத்து மணல் கரைந்து ரோட்டில் பாதிவரை பரவியிருந்தது. ஸ்கூட்டர் இருபத்தைந்து, முப்பதில்தான் போனது. நாய் ஒன்று குறுக்கே வந்ததும் சுஷ்மிதா பிரேக்கைத் தொட்டாள், வண்டி இடது பக்கமாக வழுக்கிப் படுத்தது. சுஷ்மிதாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அனுவின் தலை புல்லில் விழுந்ததால் தப்பித்தது. இடது முழங்கால் வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் சுஷ்மிதா பரணிதரனைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள். "சாரி அங்கிள், வேகமாவே போகல அங்கிள்." அவர் அவள் தலையைத் தொட்டு, "ஒன்மேல தப்பில்லம்மா" என்றார். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, மூட்டு மூன்று துண்டாகியிருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும் என்றார். கையெழுத்துப் போட ஒரு காகிதம் நீட்டினார்கள். முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக பரணிதரன் ஒரு காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படிக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர்.

அனு ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள், வீட்டில் படுக்கையில் ரெண்டு மாசம், வாக்கர் பிடித்துக்கொண்டு மூன்று மாசம். கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். காலை மடக்கப் பழக்கும் டாக்டர் ஆனி மாசக் கடைசியில், "நல்லா மடங்குது, இனிமே வண்டிகூட ஓட்டலாம்" என்று சொன்னார்.

அன்றைக்கே பரணிதரன் ஃபைலைக் கிழித்துக் குப்பையில் போட்டார். அட்டையை அவிழ்த்தார். இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது தொடை ரெண்டும் நடுங்கியது. இருபதைத் தாண்டாமல், பின்னால் வந்த பஸ்காரனிடமெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு, சுபஹான் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

"இன்னா சார், சர்டிபிகேட் கெட்ச்சிதா?" என்று சுபஹான் சிரித்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கே கண்ண மூடிகினு போட்டுடுங்கன்னு சொல்லிர்க்கணும் சார். நெசம் பேசறேன்னு உங்கள கொழப்பி வுட்டுட்டேன்" என்றார். பிறகு எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, பழைய போல்ட்டை உருவி, தன் கையாலேயே இரண்டு பக்கமும் ஸ்லைடரை முறுக்கினார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "அனு, வெளிய வாம்மா" என்று கூப்பிட்டார் பரணிதரன். குரல் அவருக்கே புதுசாக இருந்தது. அனு கதவைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மெல்ல வைத்து, மூன்று படி இறங்கி வந்தாள். லோகநாயகி ஜன்னலோரம் நின்றுகொண்டாள்.

"போட்டுட்டேம்மா. ரெண்டு பக்கமும். ஓட்டு. இப்பவே ஓட்டு. மெயின் கேட்டு வரிக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வா, அப்பா இங்கியே நிக்கறேன்."

அனு குனிந்து ஸ்லைடரைத் தொட்டுப் பார்த்தாள். டேங்க்கைத் தடவினாள். ஒரு கீறல் இல்லை, வாங்கிய அன்றைக்கு இருந்த அதே பளபளப்பு. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கி அந்தப் பக்கம் போடப் போனவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். குடியிருப்புத் தெருவில் ஒரு வண்டி இல்லை. ஞானதாஸ் வீட்டு வாசலில் கோலத்தைக் காக்கை கொத்திக்கொண்டிருந்தது. அவள் அந்தத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள். கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை பரணிதரன் அடையாளம் கண்டுகொண்டார், வண்டியில் ஏறியபோது அவர் தொடையில் இருந்ததுதான்.

"அப்பா."

"இன்னாம்மா?"

"வேணாம்னு சொன்னா திட்ட மாட்டியே?"

"இல்லம்மா" என்றார். அவள் ஹேண்டிலை விட்டுவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே போனாள்.