லென்ஸ் அக்கா பார்த்த இரண்டு கோடு

எங்கள் நகைக்கடையில் நாங்கள் எல்லோரும் வாயால் பிழைப்பவர்கள். கண்ணால் பிழைத்தவள் லென்ஸ் அக்கா ஒருத்திதான். கறுப்புக் கயிற்றில் அந்தக் குட்டி லென்ஸ் எப்போதும் கழுத்தில் தொங்கும். வைரம் கேட்டு யார் வந்தாலும் அவள் சொல்வது ஒரே பாடம்.

"வைரம் மாதிரி இருக்கிற கல்லுல சிர்க்கோன் விலை கம்மி, சீக்கிரம் கீறி மங்கிடும். மாய்சனைட் நல்லா உழைக்கும், வைரத்தைவிட அதிகமாவே மின்னும். லேப்ல வளர்த்தது வைரமேதான், பூமிக்குள்ள பொறக்கலை, அவ்வளவுதான். உங்க பர்ஸ் எதுக்குத் தலையாட்டுதோ அதை வாங்குங்க."

கேட்கும்போதெல்லாம் முதலாளிக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் தையல்காரம்மா ஒருத்தி, இறந்துபோன கணவர் வாங்கித் தந்த மோதிரத்தோடு வந்தாள். வைரம் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். மகளுக்குக் கொடுக்குமுன் உறுதி செய்துகொள்ள வேண்டுமாம். கல்லில் தொட்டுப் பார்க்கும் எங்கள் சோதனைப் பேனா வைரத்துக்கும் மாய்சனைட்டுக்கும் ஒரே மாதிரி கூவும். லென்ஸில்தான் வித்தியாசம் பிடிபடும்: பட்டை தீட்டிய கோடுகள் வைரத்துக்குள் ஒற்றையாகவும் மாய்சனைட்டுக்குள் இரண்டிரண்டாகவும் தெரியும்.

"மாய்சனைட்மா. நல்ல கல்லுதான்," என்றாள் அக்கா.

"அவரு பொய் சொல்ற ஆள் இல்லீங்களே."

மோதிரத்தை விரலில் போடாமல் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் போனாள்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"பஸ் நம்பர் ரெண்டு ரெண்டாத் தெரியுதுடி." வழக்கமாக லென்ஸ் வைக்காத கண்ணை மூடிக்கொண்டு, வைக்கிற கண்ணால் மட்டும் பார்த்தாள். "இப்பவும் ரெண்டு."

கடைக்குத் திரும்பி ஓடி, சான்றிதழோடு இருந்த வைரத்தை லென்ஸில் பார்த்தாள். அதிலும் கோடு இரண்டு.

கண் கெட்டது தெரிந்தால் வேலை போய்விடும். இரண்டு மகள்களைப் படிக்க வைப்பவள் அவள். நானாக இருந்தால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பேன். அவள் நேரே முதலாளியிடம் சொல்லி, அவரையும் என்னையும் கையோடு தையல்காரம்மா வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

தையல் மெஷினுக்கு மேலே சுவரில் வெறும் ஆணி. துணிக் குவியலில் கணவரின் படம் குப்புறக் கிடந்தது. முதலாளிக்கும் லென்ஸ் பிடிக்கத் தெரியும், சோம்பல்தான் தடை. நிதானமாகப் பார்த்தார்.

"கோடு ஒண்ணுதான். வைரம்."

தையல்காரம்மா அழுதேவிட்டாள். "மத்தியானத்துலேருந்து அவரைத் திட்டிட்டிருக்கேன்."

"தப்பு என் கண்ணோடதுமா. அவரு பொய் சொல்லலை."

"அப்ப உங்க வேலை?"

முதலாளி லென்ஸை மடக்கிக்கொண்டிருந்தார். லென்ஸ் அக்கா அவர் பக்கமே திரும்பவில்லை.

"அதை நாளைக்குப் பேசிக்கலாம். முதல்ல அவரை எடுத்து மாட்டுங்க."