‘இல்லை’ என்று அழுத்தியவர்

அந்த அப்ளிகேஷனில் இரண்டே பொத்தான்கள்தான். பச்சையில் ‘ஆச்சு’, சிவப்பில் ‘இல்லை’. இதை உருவாக்க எங்கள் குழுவுக்கு ஒரு வருடம் பிடித்தது என்று சொன்னால் என் அண்ணன் சிரிப்பான். சிரிக்கட்டும். ஒரு காலத்தில் போதை ஊசி போட்டு, அதனாலேயே எச்.ஐ.வி. வந்து, இப்போது தினமும் மாத்திரை விழுங்கியாக வேண்டியவர்களுக்காகச் செய்தது அது. அவர்களுடைய கைப்பேசித் திரையில் எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று யோசித்தே மண்டை காய்ந்தது. நோயின் பெயர் வரக் கூடாது. மாத்திரைப் படம் கூடாது. பக்கத்தில் நிற்பவன் எட்டிப் பார்த்தால், தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்தும் ஏதோ ஒரு சமாச்சாரம் என்று நினைக்க வேண்டும். அதனால் ஒரு கிளாஸ் தண்ணீர் படம் போட்டேன். அதற்குக் கீழே இந்த இரண்டு பொத்தான்கள்.

சில நாள் தொடர்ந்து ‘இல்லை’ என்றே வந்தால் எங்களில் ஒருவர் அவருக்குப் போன் செய்ய வேண்டும். என்ன பேசுவது என்று குழுத் தலைவி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். ஏன் மருந்து போடவில்லை, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, நாளைக்குப் போடுவீர்களா. மலாயிலும் சீனத்திலும் பேசிய சக ஊழியர்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்துவிட்டு வைத்துவிடுவார்கள். தமிழுக்கு நான் ஒருத்திதான். எனக்கு அது வாயில் நுழையவில்லை. எடுத்த எடுப்பில் ‘ஏன் போடல’ என்று கேட்க நான் என்ன போலீஸா? ‘சாப்பிட்டீங்களா’ என்று ஆரம்பித்தேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டால் பேச்சு எங்கே நிற்கும்? என்ன குழம்பு, யார் சமைத்தது, ஏன் தனியாகச் சமைக்கிறீர்கள் என்று போய்க்கொண்டேயிருக்கும். மருந்து பற்றிய கேள்வி கடைசியில், போனை வைக்கும்போதுதான் வரும்.

அப்படிப் பேசியவர்களில் ஒருவர் ஜார்ஜ்டவுன் பசாரில், சந்தைக் கடை ஒன்றில், மீன் வெட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். மனைவியும் பிள்ளைகளும் புக்கிட் தெங்கா பக்கம் போய்ப் பல வருடம் ஆகிறது. தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டினால் வீடு. ஆனால் போவதில்லை, கூப்பிடவும் யாருமில்லை. பசாரை ஒட்டிய ஒரு கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தார். என்னைத் தங்கச்சி என்றார். இன்று எந்த மீன் வந்தது, எது பழசு, எதை நான் வாங்கி ஏமாறக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போவார். எனக்கு மீன் சமைக்கவே தெரியாது. ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் மட்டும் என்ன பெரிய கூட்டத்தின் நடுவிலா வாழ்ந்தேன்? ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு, நான் ஒருத்தி. அலுவலகத்தில் எல்லோர் காதிலும் ஹெட்போன். அடுத்த மேசையில் இருப்பவர்கூட மெசேஜில்தான் பேசுவார். சில நாள் மாலையில் வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான், காலையிலிருந்து வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உறைக்கும். அதனால் மறைப்பானேன், என் திரையில் அந்த மீன்காரர் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்தால் உள்ளூர எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. போன் செய்ய ஒரு காரணம் கிடைத்ததே.

பிறகு ஒரு கூட்டத்தில் தலைவி, யார் எதை அழுத்துகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டினார். மற்ற மொழிக்காரர்கள் பெரும்பாலும் பச்சை. தமிழில் பயன்படுத்தியவர்கள் பக்கம் சிவப்பு. அதிலும் மீன் வெட்டுகிற அண்ணன் ஒரே சிவப்பு.

“உங்க ஆளுங்க ஏன் இப்படி இருக்காங்க?” என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மொழிபெயர்த்தது நான், பேசியதும் நான். ஆளுங்களை ஏன் இழுக்க வேண்டும்?

அதைவிடப் பெரிய வம்பு, அவர்களுக்கு மருந்து கொடுக்கும் கிளினிக்கிலிருந்து வந்தது. எங்கள் சிவப்பும் பச்சையும் அவர்களுக்கும் போகும். இந்த மீன்காரர் மருந்தை ஒழுங்காகப் போடுவதில்லை, இனி தினமும் காலையில் வந்து மருந்தாளர் கண்ணெதிரே விழுங்கட்டும் என்று டாக்டர் முடிவு செய்துகொண்டிருந்தார். காலையில்தான் பசார். அந்த நேரத்தில் கிளினிக் வாசலில் நின்றால் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவார். பழைய போதைக் கூட்டாளிகளிடம் திரும்பிப் போகாமல் அவரைப் பிடித்து வைத்திருந்தது அந்த வேலை ஒன்றுதான். அது போனால் மனுஷன் போய்விடுவார் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். சோதித்தார்கள். ரத்தம் அருமையாக இருந்தது. ஒரு வேளைகூட விடாமல் மருந்து போடுகிறவரின் ரத்தம். அப்படியானால் உங்கள் அப்ளிகேஷன்தான் கோளாறு என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். நிரலை வரி வரியாகத் தேடினேன். ஒரு கோளாறும் இல்லை. நேரில் போய்க் கேட்டு வா என்றார் தலைவி.

பசார் முடியும் நேரம் போனேன். பலகையைக் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் கோப்பி சொன்னார். குரலை மட்டும் அறிந்த மனிதர். நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார்.

“ரத்தம் நல்லா இருக்காம் அண்ணே,” என்றேன்.

“இருக்கும்லா. தினமும்தான் போடுறேனே.”

“அப்புறம் எதுக்கு இல்லைன்னு அழுத்துறீங்க?”

கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கலக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

“ஆச்சுன்னு அழுத்தினா ஒன்னும் நடக்காது தங்கச்சி. பச்சையா ஒரு டிக் வரும், அவ்வளவுதான். இல்லைன்னு அழுத்தினாதான் நீ போன் பண்ணுவே.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வேலை போயிருக்கும் அண்ணே. டாக்டர் எல்லாத்தையும் பார்க்கிறாரு.”

“டாக்டருக்குப் போகும்னு நான் என்னத்தக் கண்டேன்? உனக்குத்தான் வருதுன்னு நினைச்சேன்.”

டாக்டருக்குப் போகும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தோம், சின்ன எழுத்தில். அதை யார் படிக்கிறார்கள்? என் கோபம் வந்த வேகத்தில் இறங்கிவிட்டது. மருந்தைச் சரியாகப் போடுகிற மனிதனிடம் யாரும் பேசாத ஒன்றை நாங்கள் கட்டி வைத்திருந்தோம். பேச்சு வேண்டுமென்றால் அவர் பொய்தான் சொல்லியாக வேண்டும்.

‘ஆச்சு’ என்று அழுத்துகிறவர்களுக்கும் அவ்வப்போது போன் செய்யலாமே என்று தலைவியிடம் கேட்டேன். கெட்டவர் இல்லை அவர். யோசித்துப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கிறவங்களுக்குப் போன் பண்ண நம்மகிட்ட ஆள் இல்லை,” என்றார். கடைசியில் போன் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இனி ‘இல்லை’ என்று அழுத்தினால் பதிவு செய்த குரல் ஒன்று ஒலிக்கும். தமிழுக்கு என் குரல். சின்ன அறையில் உட்கார்ந்து, எதிரே யாரும் இல்லாமல், சாப்பிட்டீங்களா, மருந்தை மறந்துடாதீங்க என்று சொன்னேன். உணர்ச்சி போதவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு மீன் வெட்டுகிற அண்ணன் பெயருக்கு நேரே ஒரே பச்சை. டாக்டருக்குத் திருப்தி, வேலையும் தப்பித்தது. நான் செய்ததில் உருப்படியானது அதுதான். ஆனாலும் தினமும் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுக் கணினியை மூடும்போது மனசுக்குள் என்னவோ காலியாக இருந்தது.

தீபாவளி வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் இருக்கும் என் அண்ணன், “வர்றதுன்னா வாலா,” என்று மெசேஜ் அனுப்பியிருந்தான். அப்படிக் கூப்பிட்டால் யார் போவார்கள்? வேலை இருக்கிறது என்று பதில் போட்டேன். கீழ் வீட்டு அக்கா தட்டு நிறைய பிரியாணியும் முறுக்கும் கொடுத்தார்கள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிவிட்டுப் பழக்க தோஷத்தில் கணினியைத் திறந்தேன். எல்லாப் பச்சைக்கும் நடுவில் மீன்காரர் பெயருக்கு நேரே ஒரே ஒரு சிவப்பு. ஒரு சிவப்புக்கெல்லாம் டாக்டர் கவலைப்பட மாட்டார். அழுத்தியவருக்கும் இப்போது அது தெரியும். பதிவு செய்த என் குரல் அவரிடம் பேசி முடித்திருக்கும்.

என் சொந்தப் போனில் கூப்பிட்டேன்.

“மெஷினா, நீதானா?” என்றார்.

“நான்தான் அண்ணே. மருந்து?”

“காலையிலயே போட்டாச்சு.” தூரத்தில் எங்கேயோ பட்டாசு வெடித்தது, அவர் பக்கமா என் பக்கமா என்று தெரியவில்லை. பிறகு கேட்டார்: “நீ சாப்பிட்டியா தங்கச்சி?”

கையில் இன்னும் பிரியாணி வாசனை இருந்தது.

“இல்லை அண்ணே,” என்றேன்.