‘பைட் அ வீ’ வீட்டுக்காரி

லண்டன் ஸ்ட்ரெதமில் கிளறிற்றாவின் வாசலுக்கு மேலே, பித்தளை எழுத்துகளில் ‘பைட் அ வீ’ என்று இருக்கும். முன்பு அங்கே வாழ்ந்த ஸ்கொட்லாந்துக்காரர் வைத்த பெயர். வீட்டை வாங்கிய பிறகும் கணவர் கிறிஸ்துராஜா அதைக் கழற்ற விடவில்லை. அவர் காலமானதும் வீட்டோடு பெயரும் அவளுக்கு வந்து சேர்ந்தது. கோயில் சனம் அதை ஏதோ புனிதரின் பெயர் என்றே நம்பியது. ஒருத்தி அந்தப் புனிதரின் திருநாள் எப்போது என்றுகூடக் கேட்டுவிட்டாள்.

மகன் மேர்வினுக்கு வீட்டை விற்று, அம்மாவைக் குட்மேய்ஸில் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசை. சனிக்கிழமை வந்து படம் எடுக்கும்படி வீடு விற்கும் ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே போன் செய்தான்.

“விளம்பரத்தில போட வேணும் அம்மா. பேருக்கு என்ன அர்த்தமெண்டு ஆரிட்டயாவது கேட்டு வையுங்கோ.”

பெற்றவளைக் கேட்காமல் வீட்டை விற்கப் புறப்பட்டவனுக்கு, பெயரின் அர்த்தம் ஒன்றுதான் குறை!

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலுக்கு வரும் இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரரான கிழவர் பிரேசரைப் பிடித்துக் கேட்டாள். அவர் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று அர்த்தமாம்; ‘அ வீ’ என்பதுதான் அந்தக் கொஞ்ச நேரமாம். வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் அன்பாகச் சொல்வதாம்.

அன்பாம்! கிளறிற்றாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் எல்லோரும் அவளிடம் சொன்னது இதைத்தானே? விசா கொடுத்தவர்கள் கொஞ்ச நாள் இரு என்றார்கள். அது முடிந்ததும் இன்னும் கொஞ்ச நாள் என்றார்கள். குடியுரிமை கிடைத்த பிறகும், ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளோடு வேலை செய்தவள், எப்போது ஊருக்குத் திரும்பப் போகிறாய் என்று கேட்டாள். இப்போது பெற்ற பிள்ளையும் பெட்டி கட்டச் சொல்கிறான். சாகும்வரை விருந்தாளியாக இருப்பதற்கா அவள் ஷிப்டுக்கு மேல் ஷிப்டாக முறிந்து, கடன் கட்டி இந்த வீட்டைச் சொந்தமாக்கினாள்?

சனிக்கிழமை மேர்வின் ஏஜென்ட்டோடு வந்தபோது, அவள் கதிரையில் ஏறி நின்று ஸ்குரூட்ரைவரால் எழுத்துகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மா! விழப்போறியள்! என்ன செய்யிறியள்?”

“அந்தக் ‘கொஞ்ச நேரத்தை’க் கழட்டுறன்.”

கடைசி எழுத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினாள். வாசலுக்கு மேலே ‘பைட்’ மட்டும் நின்றது. ஏஜென்ட் கமராவைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தான்.

“இப்ப என்ன அர்த்தம்?” மேர்வினின் குரல் இறங்கியிருந்தது.

“‘இரு’ எண்டு அர்த்தம். நான் இருக்கிறன். நீங்கள் ரெண்டுபேரும் கொஞ்ச நேரம் இருந்து, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”